யாருக்கு உறுத்துகிறது?

சேலத்தில் கற்றுக்கொண்ட வேக்ஸிங்கை அப்படியே கொல்லிமலையில் செய்தால் பலிக்காது. மார்கழி, தை மாதங்களில் எங்கள் தேவனூர் நாட்டில் வெயில் ஏறிய பிறகும் தரை சில்லென்றுதான் இருக்கும். டப்பாவிலிருந்து எடுத்த வேக்ஸ் கைக்கு வந்து சேர்வதற்குள் இறுகிவிடும். இறுகியதை இழுத்துப் பிய்த்தால் முடி வேரோடு வராமல் நடுவில் முறியும். தோல் மட்டும் சிவந்து எரியும். கரண்ட் போய்விட்டால் ஹீட்டரும் இல்லை. அதனால் குளிர்காலத்தில் அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, அதற்குள் டப்பாவை இறக்கி, பக்கத்திலேயே பாய் போட்டுத்தான் வேலை. சூடு சரியா என்று முதலில் என் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் வந்தவர் கை.

அந்த டப்பாவின் மேல் 'ஹனி வேக்ஸ்' என்று அச்சடித்திருக்கும். தேனுக்குப் பேர்போன மலையில் உட்கார்ந்துகொண்டு அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பெரும்பாலும் அது சர்க்கரைப் பாகுதான்.

வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி, சாய்கிற நாற்காலி ஒன்று, நூல்கண்டு, கத்தரி. இவ்வளவுதான் என் பார்லர். போர்டு கிடையாது. மிளகும் காபியும் பறிக்கிற பருவத்தில் நானும் தோட்டத்தில்தான் இருப்பேன். மற்ற நாட்களில் காலேஜ் போகிற பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமானவர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமார்கள், அத்தைமார்கள் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "எடுக்கச் சொன்னது யாரு கண்ணு?"

"நானாத்தாங்க்கா" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே பட்டென்று பதில் வந்தால் நூலை எடுத்துவிடுவேன். பதில் சொல்வதற்கு முன் அந்தப் பெண்ணின் பார்வை வாசலுக்குப் போனால், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அம்மா நின்றால் அம்மாவுக்கு ஒரு டீ. "உள்ள அடுப்பப் பாத்துக்கங்க அத்தை, பால் பொங்கிரும்" என்று அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் தனியாகப் பேசுவேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் கட்டாயம் பேசுவேன். பாதிப் பேருக்கு மேல் சொல்வது இதுதான்: "எனக்கு ஒண்ணும் தோணலக்கா, அவங்க சொல்றாங்க." அந்த 'அவங்க' பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். ஆம்பளைகள் என்று நினைத்தால் தப்பு. சித்தி, பெரியம்மா, வரப்போகிற மாமியார், ஹாஸ்டல் ரூம்மேட், இவர்கள்தான் அதிகம்.

என் ஆயாவுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. அதற்காக அந்தக் காலத்து மலையைச் சொர்க்கம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆயாவும் பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, பயத்த மாவை உருட்டி உருட்டி நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடியைத் தேய்த்து எடுத்தவள்தான், பெண் குழந்தை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தி. ஆனால் வளர்ந்த பெண்ணின் கையை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. தோட்டத்தில் சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. முள்ளும் பூச்சியும் இருக்கிற இடத்தில் கையைக் காட்டிக்கொண்டு யார் வேலை செய்வார்கள்?

என் கை முதன்முதலாக அடுத்தவர் கண்ணில் பட்டது, காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, கீழே ஹாஸ்டலில் சேர்ந்த பிறகுதான். அரைக்கைச் சுடிதார் போட்ட முதல் வாரத்திலேயே ஒருத்தி என் கையைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினாள். "மலைக்காரிக்குப் பாருடி, கரடி மாதிரி." தமிழ் வகுப்பில் கொல்லிப்பாவை வந்தபோது இன்னும் கூத்து. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு உவமையாக நிற்கிறவள் எங்கள் மலைப் பாவை. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அழகு குன்றாதவள். மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் பாவை, தெய்வம் செய்தது. எனக்கு ரத்தம் ஓடுகிறது, முடி முளைக்கிறது என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில் ரூம்மேட்டின் ரேசரை வாங்கி வழித்தேன். வழித்த கை எனக்குப் பிடித்தும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் என் புருவத்தை நானே கண்ணாடி பார்த்துத் திருத்திக்கொள்கிறேன், கையை விட்டுவிட்டேன்.

2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபோது, மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாணவியின் படம் எல்லாச் செல்போனிலும் ஓடியது. 600க்கு 591 மதிப்பெண். மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் உதட்டு மேல் முடியைத்தான் ஊரே பேசியது. எங்கள் மலைப் பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். அந்த மே மாதம், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பெண்ணை, "போட்டோ எடுப்பாங்க, அதுக்கு முன்னாடி எடுத்துரு" என்று அவள் அம்மா என்னிடம் கூட்டி வந்தார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, பயந்து வந்தவர். அந்தப் பெண் போட்டோ எடுத்த பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். பிறகும் வரவில்லை.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது 1915 என்ற ஆண்டு கிடைத்தது. கையில்லாத கவுன் அமெரிக்காவில் நாகரிகமாகி வந்த நேரம். ஜில்லெட் கம்பெனி பெண்களுக்கென்றே ஒரு ரேசரை இறக்கியது. அக்குளில் முடி இருப்பது அசிங்கம் என்று பத்திரிகை விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்தன. ஆணுக்கு விற்ற பிளேடை வீட்டில் இன்னொருவருக்கும் விற்கிற வழி அது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1920களில் அங்கே அழகு நிலையங்களில் ட்ரைக்கோ என்ற எக்ஸ்ரே பெட்டி முன் பெண்களை உட்கார வைத்து முகமுடியை உதிர வைத்தார்கள். முடி உதிர்ந்தது. பல வருடம் கழித்துத் தோல் சுருங்கி, புண்ணாகி, புற்றுநோய் வந்தது. 1930களின் தொடக்கத்தில் கோரெம்லு என்று ஒரு கிரீம். அதில் இருந்தது தாலியம், எலி மருந்தில் போடுகிற விஷம். பூசிய பெண்கள் சிலருக்குக் கைகால் விழுந்தது, கண் போனது. 'வலியே இல்லை, திரும்ப முளைக்கவே முளைக்காது' என்று யாராவது விற்றால், அந்தப் பெட்டியும் அந்தக் கிரீமும்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஆன்லைனில் வாங்கிய, தமிழோ ஆங்கிலமோ இல்லாத டப்பாவைக் கொண்டுவந்து "இதப் பூசி விடுங்கக்கா" என்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எடுப்பதென்று அவரவரே முடிவு செய்துவிட்டால், தெரிந்துகொண்டு எடுங்கள்.

வழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பது பொய். மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928லேயே வழித்த முடியை அளந்து பார்த்து இதைச் சொல்லிவிட்டார். முடியின் நுனி இயல்பில் கூர்மையாக இருக்கும். பிளேடு அதை மழுங்கலாக வெட்டுகிறது. அதனால்தான் தடவினால் குத்துகிறது. எண்ணிக்கை கூடுவதில்லை. ஆனால் ரேசரை யாரிடமும் கடன் வாங்காதீர்கள். அக்கா தங்கையாக இருந்தாலும் சரி. மஞ்சள்காமாலையில் ஒரு வகையான ஹெபடைட்டிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத் துளியில் 7 நாளாவது உயிரோடு இருக்கும். தோலை நனைத்து, சோப்பு போட்டு, முடி சாய்ந்திருக்கிற திசையிலேயே இழுங்கள்.

ஹேர் ரிமூவர் கிரீம் முடியைக் கரைக்கிற மருந்து. முடிக்கும் தோலுக்கும் சரக்கு ஒன்றுதான் என்பதால் அதிக நேரம் விட்டால் தோலையும் பதம் பார்க்கும். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிக் கழுவி ஒரு நாள் காத்திருந்து, அரிப்பில்லை என்றால் மட்டும் மற்ற இடத்துக்கு. முகத்துக்கென்று டப்பாவில் எழுதியிருக்காவிட்டால் முகத்துக்கு வேண்டாம்.

வேக்ஸுக்கு முடி ஓர் அரிசி நீளமாவது இருக்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கமே வரக்கூடாது. முடியோடு தோலும் உரிந்து வந்துவிடும். நான் கேட்காமல் யாருக்கும் போடுவதில்லை, சில பேர் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். கஸ்தூரி மஞ்சள் வாசனைக்கு நல்லது. வேரைக் கொல்லும் என்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம். கல்யாணப் பெண்ணுக்கு ஒன்று: முகத்தில் முதல்முறையாக எதைச் செய்வதென்றாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். ஒரு மாதம் முன்னால் செய்து பாருங்கள். கொப்பளித்தால் ஆறுவதற்கு நாள் இருக்கும்.

லேசர் என் கையில் இல்லாத வேலை. ஆனாலும் கேட்கிறார்கள். அது முடியின் கருநிறத்தைத் தேடிச் சுடுகிற ஒளி. நம்முடைய தோலிலும் கருநிறம் இருப்பதால், கருப்புத் தோலுக்கு ஏற்ற கருவி வேண்டும். 1064 நானோமீட்டர் என்டி யாக் என்று டாக்டரிடமே கேளுங்கள். மாற்றிச் சுட்டால் தழும்பு நிற்கும். ஒரே தடவையில் முடியாது, பல மாதம் போக வேண்டும், நரைத்த முடிக்குப் பலிக்காது. தோல் மருத்துவர் இல்லாத இடத்தில் தள்ளுபடி விலை என்று போய் உட்காராதீர்கள்.

நான் நூலைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புகிற பெண்களும் உண்டு. தாடையில், நெஞ்சில், தொப்புளுக்குக் கீழே தடித்த கருமுடி, கூடவே மாதவிலக்கு ரெண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப்போகிறது, பரு, எடை கூடுகிறது என்றால் அது பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்கள். மலையில் இதற்கென்று ஒரு பஸ்ஸைப் பிடித்துக் கீழே போவது ஒரு நாள் கூலி போகிற காரியம். அதனால்தான் பார்லரோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். போய்ச் சர்க்கரையும் ஹார்மோனும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வேன். கடையில் தானாக மாத்திரை வாங்க வேண்டாம். இதற்குத் தருகிற மருந்துகளில் கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிடவே கூடாதவை உண்டு. சில மாதத்துக்குள் திடுதிப்பென்று முடி மண்டி, குரலும் தடித்து, தலையில் முடி கொட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று வெளியில் யாரும் பேசாதது. ஒன்பதாம் மாத வயிற்றோடு, கீழே கண்ணுக்கே தெரியாத இடத்தில், பிளேடு வைத்துக்கொண்டு போராடும் பெண்கள். "ஆஸ்பத்திரில திட்டுவாங்கக்கா" என்பார்கள். நானும் திட்டு வாங்கியவள்தான். வலி வந்து போய்ப் படுத்த இடத்தில் ஒருவர் என் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இதக்கூடச் சுத்தம் பண்ணிட்டு வரத் தெரியாதா?" என்றார். கேட்காமலேயே வழித்தும் விட்டார். பிள்ளை பிறந்த வலியைவிட அந்த எரிச்சல் அதிக நாள் இருந்தது. சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக வழிப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே இருக்கிறது. ஆபரேஷன் என்றாலும் கூடுமானவரை முடியை எடுக்காமல் விடவும், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் கத்தரிக்கவும், பிளேடு வேண்டாமென்றும் 2016இலேயே சொல்லியிருக்கிறது. வழிக்கும்போது தோலில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத்தான் கிருமி போகும். அந்த முடி அழுக்கல்ல, தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். மாசமாக இருக்கிற பெண் எடுக்கக் கேட்டு வந்தால் இதைச் சொல்லி, கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன். அப்படியும் வேண்டும் என்பவர் கத்தரியால் கட்டையாக வெட்டிக்கொள்ளட்டும்.

போன தையில் ஒரு அம்மா, நிச்சயமான மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "முகமெல்லாம் வழவழன்னு பண்ணி விடு பாப்பா, எங்க சொந்தத்துல கண்ணு வெப்பாங்க." பெண் வாயே திறக்கவில்லை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவள் மெதுவாக, "புருவம் மட்டும் போதுங்க்கா" என்றாள். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. புருவம் மட்டும் செய்தேன், அதற்கு மட்டும் காசு வாங்கினேன். பெண் கை கழுவப் போன நேரத்தில் அந்த அம்மா நாற்காலி அருகே வந்து, தாடையைத் தூக்கிக் காட்டினார். அங்கே கம்பி மாதிரி ஒற்றை வெள்ளை முடி.

"இது ரொம்ப நாளா உறுத்துது பாப்பா. எடுக்க முடியுமா?"

"மாசவிலக்கு நின்ன பிறகு இப்படி வரும்ங்க அத்தை, நெறையப் பேருக்கு. உக்காருங்க."

பிளக்கரால் பிடுங்கிக் காட்டினேன். தடவிப் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார், மருமகள் வருகிறாளா என்றும் பார்த்துக்கொண்டார்.

"மறுபடி வருமா?"

"வரும்ங்க அத்தை. வந்தா வாங்க."