தூண்டில் முள் குத்தினால்



கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. அங்கே தூண்டில் போடும்படி பேதுருவுக்குச் சொல்லப்பட்டதை மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் ஊர் ஏரிகளிலும் விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு தூண்டில் போடுகிறோம். ஆகவே இந்தச் சிறு பாடம்.

தூண்டில் முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கிய செதில் ஒன்று உண்டு. மீனைத் தப்பவிடாத அந்தச் செதில் நம் விரலையும் விடாது. பதற்றத்தில் வந்த வழியே இழுத்தால் சதை கிழியும். எனவே இழுக்கவேண்டாம்.

1. கண்ணிலோ இமையிலோ குத்தினால் தொடவேண்டாம், கழுவவும் வேண்டாம். காகிதக் குவளையைக் கண்ணின்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

2. மற்ற இடமானால் தூண்டில் நூலை அறுத்துவிட்டு, முள் அசையாதபடி துணி சுற்றி மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் மரத்துப்போக ஊசி போட்டு, நுனியை முன்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுவந்து, செதிலை வெட்டியபின் மீதியை எளிதாக எடுத்துவிடுவார்.

3. முள்ளை எடுத்தபின் காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவவேண்டும். ரணஜன்னித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மறுபடியும் போடவேண்டும். ஏரித் தண்ணீரில் கிருமிகள் உண்டு. சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் கண்டால் தாமதிக்கவேண்டாம்.

புறப்படுமுன் குறடு, சோப்பு, சுத்தமான துணி, காகிதக் குவளை ஆகியவற்றைப் பையில் வையுங்கள். செதிலைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் குத்தினாலும் சுலபமாக வரும். கண்ணாடி அணியுங்கள். வீசுமுன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இதை ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் சொல்லிக்கொடுங்கள். ஒரு பிள்ளையின் கண் காக்கப்பட்டாலும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.