எடை இயந்திரம் காட்டாத இருப்பு

குர்லா கிளையில் எங்களுடன் பணிபுரியும் காசாளர் ஒருவர் மெலிந்த உடல்வாகு கொண்டவர். பத்தாண்டுகளாக அவரது எடை 64 கிலோவைத் தாண்டியதில்லை. மருத்துவ முகாம் நடக்கும்போதெல்லாம், "குண்டானவர்களை முதலில் பாருங்கள்" என்று ஒதுங்கிவிடுவார். சென்ற ஆண்டு, செம்பூரிலிருந்து வந்த ஹார்பர் ரயிலை விட்டிறங்கி நடைமேம்பாலம் ஏறுகையில் நெஞ்சு வலித்து அமர்ந்துவிட்டார். இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. பின்னர் மருத்துவர் நாடாவால் அவர் இடுப்பை அளந்தார்: 97 சென்டிமீட்டர்.

கொழுப்பு என்பது மிஞ்சிய உணவைச் சேர்த்துவைக்கும் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வங்கியில் இருக்கும் நமக்கும் அது எளிதில் புரியும் கணக்கு. 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் ஹார்மோனின் மரபணுவைக் கண்டறிந்த பின்னரே, கொழுப்புத் திசுவும் ஒரு சுரப்பி என்பது உறுதிப்பட்டது. லெப்டின், 'இருப்பு போதும்' என்று மூளைக்கு அறிவிக்கும். கொழுப்பு பெருகப் பெருக லெப்டினும் பெருகுகிறது. ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகிறது.

நம்மை வியக்கவைப்பது அடிப்போனெக்டின். இதையும் கொழுப்புச் செல்களே சுரக்கின்றன. எனினும் வயிற்றுக் கொழுப்பு கூடும்போது இதன் அளவு குறைகிறது! இன்சுலின் செவ்வனே செயல்படவும், தமனிச் சுவரின் அழற்சி தணியவும் உதவுவது இதுவே. இது குறையும் வேளையில், குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் கொழுப்பு அமிலங்களையும் கல்லீரலுக்கு அனுப்புகிறது. சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏறுகின்றன. தமனியில் படிவு விரைகிறது.

இது இந்தியரை ஏன் அதிகம் பாதிக்கிறது? புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தெற்காசியரின் மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மறைந்திருக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

இந்த ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தையற்காரர் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றும் தணிக்கை! இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. அதைத் தாண்டியிருப்பின் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வது அவசியம். நாள்தோறும் விரைந்து நடப்பதால் இந்த உட்கொழுப்பு கரைகிறது; எடை அதிகம் குறையாவிட்டாலும் கூட.

நண்பர் இப்போது மாலையில் ஒரு நிலையம் முன்னதாக, திலக் நகரிலேயே இறங்கி வீடுவரை நடக்கிறார். இடுப்பு 91-க்கு வந்திருக்கிறது. நாடா அவரது மேசை இழுப்பறையில் இருக்கிறது. உணவு இடைவேளையில் அதைக் கடன் கேட்டு வருவோர்க்குக் குறைவில்லை.