மழைக்காலக் காய்ச்சலா? உடலில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

வடகிழக்குப் பருவமழையில் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் புல் மண்டிவிட்டது. டெங்குவுக்கு அஞ்சித் தேங்கிய நீரைக் கொட்டுகிறோம். அதே அக்கறையோடு இந்தப் புல்லையும் கவனிக்க வேண்டும். ஸ்கிரப் டைபஸ் எனும் உண்ணிக்காய்ச்சல் பரவும் காலம் இது. புல்லிலும் புதரிலும் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் இந்நோய் வருகிறது. அது ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கடித்தாலும் வலிப்பதில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். முடிவுகள் 2025-இல் வெளியாகின. ஆண்டுக்கு நூற்றில் பத்துப் பேர் வரை இத்தொற்றுக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தவர்களில் சிலருக்கு உறுப்புகள் செயலிழந்தன; உயிரிழப்பும் நேர்ந்தது. ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை கவனம் தேவை.

வயலுக்கும் காட்டுக்கும் போகிறவர்கள்

• புல் அறுக்கவோ, ஆடு மாடு மேய்க்கவோ, விறகு பொறுக்கவோ போகும்போது முழுக்கை சட்டையும் காலை மூடும் உடையும் அணியுங்கள்.
• புல்தரையில் வெறுமனே உட்காராதீர்கள், படுக்காதீர்கள், தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். துவைத்த துணியைப் புதர்மேல் காயப்போட வேண்டாம்.
• வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள்.
• வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள். எலித் தொல்லையை ஒழியுங்கள். சிற்றுண்ணிகள் எலிகளை அண்டி வாழ்பவை.

காய்ச்சல் வந்தால்

கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய பொருக்கு இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அது வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வயல் வேலை, புதர் வெட்டியது, மேய்ச்சல் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்க நாட்களில் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். அறிகுறிகளை வைத்தே மருத்துவர் மருந்து தொடங்கக்கூடும்.

மருந்து பற்றி

டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் இந்நோய்க்குக் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசினே தரப்படுகிறது. அமாக்ஸிசிலின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பலிக்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையில் பொன்னான நாட்கள் போய்விடும்.

நோய் முற்றியவர்களுக்கு எந்த மருந்து நல்லது? சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 794 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் இதற்கு விடை தந்தது. இரு மருந்துகளையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கே நீடித்த காய்ச்சல், உறுப்புப் பாதிப்பு, இறப்பு ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்தது. ஒரே மருந்து பெற்றவர்களில் இது 47, 48 சதவீதம். ஆயினும் இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. சிறந்த சிகிச்சையும் நோய் முற்றியபின் எல்லோரையும் காப்பாற்றிவிடாது. முதல் வாரத்திலேயே மருந்து தொடங்குவதுதான் முக்கியம்.

உடனே மருத்துவமனை

மூச்சுத் திணறல், மனக்குழப்பம், வலிப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், ஓயாத வாந்தி ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கி வைக்காமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.