தீபாவளிப் புகைக்கு முன்னால்

டெல்லியில் மழை ஓய்ந்து குளிர் இறங்குவதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும். வலசை வரும் சின்னக் குருவிகளைப் பார்க்க அதுதான் நல்ல நேரம். தீபாவளி நெருங்கிவிட்டால் புகைமூட்டம். பைனாகுலரில் சாம்பல்தான் தெரியும்.

பறவை பார்க்கப் புதிதாக வருபவர்கள் நேரே ஓக்லா, சுல்தான்பூர் நீர்நிலைகளுக்கு ஓடுகிறார்கள். அங்கே வாத்துக் கூட்டம் சேர நவம்பர் ஆகும். செப்டம்பரில் டெல்லிக்குள்ளேயே இருக்கும் சஞ்சய் வனக் காட்டுக்குப் போங்கள். அங்குள்ள மரங்களில் பாதிக்கு மேல் நம் ஊர் சீமைக்கருவேலம்தான். இங்கே விலாயதி கீக்கர் என்பார்கள். அதன் உச்சியில் இலையோடு இலையாக இலைக்கதிர்க்குருவி திரியும். அதில் பச்சை வகை, டெல்லியில் இளைப்பாறிவிட்டுத் தமிழ்நாடு, இலங்கை வரை போகிற வழிப்போக்கன். அக்டோபரில் ஹியூம் வகை வந்து சேரும். அது குளிர்காலம் முழுக்க இங்கேயே இருக்கும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பச்சை வகைக்கு இறக்கையில் மெல்லிய ஒற்றைக் கோடு, ஹியூமுக்கு அகலமான கோடு என்று புத்தகம் சொல்லும். இறகு தேய்ந்த பறவையிடம் அந்த ஒற்றைக் கோடும் இருக்காது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். காதைப் பழக்குங்கள். ஒரே மரத்தடியில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் குரல் தானாகப் பிடிபடும்.

அடுத்து, செம்மார்பு ஈப்பிடிப்பானிடம் பெயரை நம்பிச் சிவப்பைத் தேடாதீர்கள். பெட்டைக்கும் இளம் பறவைக்கும் அது கிடையாது. வாலை வெடுக்கென்று தூக்கும்போது வாலடியில் இரு பக்கமும் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

வலசைப் பறவைகளை அடையாளம் காண அவற்றின் காலில் எண் வளையமிடுவார்கள். அதைத் தமிழ்நாட்டுக் கோடியக்கரையில்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெல்லிய வலையிலிருந்து எடுத்த குருவியின் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இறுக்காமல் பிடித்தார்கள். மார்பில் மெல்ல ஊதியதும் இறகு விலகி, தொண்டைக்குழியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு! எடை பார்த்து, இறக்கை அளந்து, காலில் அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. 1959இல் பறவையியலாளர் சலீம் அலி உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இந்தியாவில் பெரிய அளவில் தொடங்கிய வேலை இது. பறவைகள் வழியாக நோய் பரவுகிறதா என்பதுதான் அன்றைய கேள்வி.

ஆசைப்பட்டு நீங்களே வலை கட்டக் கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், பயிற்சியும் வேண்டும். தேதி, இடம், எண்ணிக்கையை இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினாலே போதுமான உதவி. காலில் வளையத்தோடு இறந்த பறவை எங்கேயாவது கண்ணில் பட்டால், எண்ணைப் படம் எடுத்து, தேதியும் இடமும் சேர்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள்.