கண்ணாடிக் கடைக்குப் போறதுக்கு முன்னால

தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு ஜரிகை மங்கலாத் தெரியுதுன்னா தறி மேல பழியைப் போடாதே. நாற்பதுக்கு மேல வெள்ளெழுத்து எல்லாருக்கும்தான் வரும். ஆனா சர்க்கரை இருக்கிறவருக்கு அதோட நிக்காது. நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல பாதிப் பேர் கண் மங்கினா நேரா கண்ணாடிக் கடைக்குத்தான் போறாங்க. அங்க பவர் பார்ப்பாங்க, விழித்திரையைப் பார்க்க மாட்டாங்க.

சேதாரமே அந்த விழித்திரையிலதான். சர்க்கரை ஏறியே இருந்தா அங்க இருக்கிற மெல்லிசான ரத்தக் குழாய் கசியும், அடைபடும். அப்புறம் புதுசா முளைக்கிற குழாய் வலுவில்லாம உடைஞ்சு கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆரம்பத்துல வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. 2005-ல வெளிவந்த சென்னை ஆய்வுல, சர்க்கரை உள்ளவங்கள்ல 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்துச்சு.

அதனால சர்க்கரைன்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிச்சுப் பார்க்கச் சொல்லு. 'நல்லாத்தானே தெரியுது'ன்னு அவர் சொல்லுவார். நல்லாத் தெரியும்போதே போகணும். லேசரும் கண்ணுக்குள்ள போடுற ஊசியும் இருக்கிற பார்வையைக் காப்பாத்தும். போனது முழுசாத் திரும்பும்னு நம்பி இருக்க முடியாது.

2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருது, நல்லதுதான். ஆனா மாத்திரை வந்துட்டா கண்ணும் பார்த்தாச்சுன்னு ஆகிடாது.

சர்க்கரை தாறுமாறா ஏறி இறங்கும்போது கண்ணாடி மாத்தாதே. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸே வீங்கி வடியும், இன்னைக்குப் போட்ட பவர் அடுத்த மாசம் பொருந்தாது. சில வாரம் சர்க்கரை நிலையா நிக்கட்டும்.

தறியிலேயே ஒரு சோதனை இருக்கு. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு பாவைப் பார்க்கச் சொல்லு, அப்புறம் மறு கண்ணை. இழை வளைஞ்சு நெளிஞ்சாலோ, நடுவுல ஒரு இடம் அழிஞ்ச மாதிரி இருந்தாலோ தள்ளிப்போடாதே. நேராத் தெரிஞ்சா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமில்லை, வருஷப் பரிசோதனை நிக்கக் கூடாது. திடீர்னு கறுப்புப் புள்ளி நிறைய மிதந்தாலோ, திரை விழுந்தாப்ல இருந்தாலோ அன்னைக்கே டாக்டர்.

பிரஷரும் கொழுப்பும் கூடினாலும் கண்ணுக்குக் கெடுதல்தான். குழித்தறியில நாள் பூரா உட்கார்றவர் சாயங்காலம் ராஜவீதியை ஒரு சுத்து நடக்கட்டும். கோயில் இட்லி பிரசாதம்தான், ஒரு துண்டு போதும். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார், சர்க்கரைதான் கோவிச்சுக்கும். சர்க்கரை உள்ள பொண்ணு முழுகாம இருந்தா முதல் மூணு மாசத்துலேயே கண்ணைக் காட்டிடணும், கர்ப்பத்துல அது வேகமா முத்தும்.

சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் கிட்டத்துல எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். கோர்வை வேலை அன்னைக்கு ஓடாது. அதனால ஒரு பாவு முடிஞ்சு அடுத்தது ஏத்துறதுக்கு நடுவுல நாள் பாரு. வண்டியை அவர் ஓட்ட வேண்டாம், கூட ஒருத்தர் போகணும். கறுப்புக் கண்ணாடி, பழைய கண்ணாடி, மூணு மாசச் சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் கொடுத்தனுப்பு.