தலைவன் இல்லாத வேளை

தொழில் நிலையங்களை நடத்துவோர் தலைமைக்குரிய பாடங்களைத் தொலைநாட்டுச் சரித்திரங்களில் தேடுவதுண்டு. நம் கரிசற் சீமையிலேயே அவை உள என்பது நமது கருத்து.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள், 1906-ல் 10 லட்சம் ரூபாய் மூலதனம் குறித்துச் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல்கள் ஓடின. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டும் அவர் சோர்ந்திலர். 1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்று, அவர்க்குக் கூலி உயர்வு பெற்றுத் தந்தார். அவ்வாண்டே சிறைப்பட்டார். கம்பெனியும் தளர்ந்து 1911-ல் கலைக்கப்பட்டது. அரசாங்கத்தின் பகைமை அதற்குப் பெருங்காரணம். ஆயினும் அவர் நீங்கிய இடம் நிரம்பாமையும் உடன் எண்ணத்தக்கது.

இனி, ஹாக்கிக்குப் பேர்பெற்ற கோவில்பட்டியின் மைதானத்துக்கு வருவோம். ஆட்டத்தில் தலைவனுக்கே மஞ்சள் அட்டை காட்டப்பட்டால், 5 நிமிடமேனும் அவன் வெளியே அமர்தல் வேண்டும். மாற்றாள் இறங்க இயலாது. அப்பொழுது எஞ்சிய பதின்மர் என் செய்வர்? நடுக்களத்தான் பின்சென்று இடைவெளியை அடைப்பான். முன்னணியான் ஒருவன் இறங்கி அவனிடத்தைக் காப்பான். அவ்வேளையில் கற்ற வித்தையன்று அது. பல நாட் காலைப் பயிற்சியில் ஒருவரிடத்தை ஒருவர் அறிந்துகொண்டதன் பயன்.

வீரத்தைப் பிள்ளையவர்களிடமும், இவ்வாயத்தத்தை ஆட்டக்காரரிடமும் நாம் கற்போமாக. தொழிற்றுறைக்குச் செல்லும் நம் மாணவர், தாம் இல்லாத நாளிலும் வேலை நடக்குமாறு பிறரைப் பழக்குதலே தலைமையின் முதற்கடன் எனக் கொள்வாராக.