பையனை எந்த வேலைக்குப் பழக்குவது?

மே மாதம் மாத்யமிக், அதாவது வங்காளத்துப் பத்தாம் வகுப்பு, தேர்வு முடிவு வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வாடகை கட்டுப்படியாகாமல் டாலிகஞ்சுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே கொஞ்சம் உண்டு. பையன் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்திருப்பான், அல்லது இனிமேல் படிக்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருப்பான். கட்டட வேலை மேற்பார்வையிலேயே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். இந்த வருஷம் வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "சார், சேஃப்டி கோர்ஸில் சேர்த்துவிடலாமா?" மீதிப் பேர் கேட்க வரவில்லை, சேர்த்துவிட்டதைச் சொல்ல வந்தார்கள்.

அந்தக் கோர்ஸைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மற்ற வழிகளை முதலில் பார்த்துவிடுவோம்.

பி.இ. சிவில், பாலிடெக்னிக் டிப்ளமா இரண்டையும் விளக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணும் பணமும் இருக்கிறவர்கள் யாரையும் கேட்காமலே அங்கே போய்விடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஐ.டி.ஐ. முடித்த பையன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது. தமிழ்நாட்டிலும் உண்டு, வங்காளத்திலும் உண்டு. ஐ.டி.ஐ. என்றாலே முட்டுச்சந்து என்று முகம் சுளிக்கும் அப்பாக்களிடம் இதை நான் இரண்டு தடவை சொல்வேன்.

டாலிகஞ்சிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பக்கத்துத் தெருப் பையன்கள் பலருக்கு அது தெரியாது. 1950 முதல் நாடு முழுக்க நடந்துவரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் வருபவை இந்த நிலையங்கள். பிளம்பர், கார்பென்டர், வெல்டர், கொத்து வேலை என்றால் ஒரு வருஷம். எலக்ட்ரீஷியன், வயர்மேன், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் என்றால் இரண்டு வருஷம். பிளம்பருக்கும் வயர்மேனுக்கும் எட்டாவது போதும். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது வேண்டும். அரசு நிலையத்தில் கட்டணம் பயப்படும்படி இருக்காது. குறை பட்டறையில்தான். பையன் சுவர் கட்டுவான், வாத்தியார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார், பிறகு அதே சுவரைப் பிரித்து அடுத்த பேட்ச்சுக்குச் செங்கலை அடுக்கி வைப்பார்கள். அந்தச் சுவரின்மேல் யாரும் தளம் போடப்போவதில்லை. மழை பெய்யாது, மணல் தீர்ந்துபோகாது, சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கத்த ஆள் கிடையாது. அதனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒரு வருஷம் அப்ரண்டிஸாகப் போய்விட்டு வா என்பேன்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. இன்றைய விதிப்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2019இல் நிர்ணயித்தபடி பத்தாவது முடித்தவருக்கு மாதம் குறைந்தது 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமாவுக்கு 8,000. 2016இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இதில் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. காகிதத்தில் இவ்வளவு அழகாக இருப்பது கட்டட வேலைக்கு வரும்போது கொஞ்சம் கசங்கிவிடுகிறது. தொழிற்சாலையில் ஆட்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பார்கள். கட்டடத்தில் கம்பெனி, அதற்குக் கீழ் காண்டிராக்டர், அவருக்குக் கீழ் சப் காண்டிராக்டர், அவருக்கும் கீழ் ஆள் கொண்டுவரும் சர்தார். யாருடைய கணக்கிலும் 30 பேர் தேறமாட்டார்கள்! ஆகவே சேருவதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தை அரசு போர்ட்டலில் பதிவு செய்வீர்களா? செய்யாமல் வாய்ச்சொல்லாக "அப்ரண்டிஸ்" என்றால் அது பாதிச் சம்பளத்துக்கு ஹெல்பர் வேலை. முடிவில் தேசியப் பழகுநர் சான்றிதழும் வராது.

பெரிய கம்பெனி நடத்தும் பயிற்சி வேண்டுமென்றால் எல் அண்டு டி இருக்கிறது. 1995இல் சென்னை மணப்பாக்கத்தில் ஆரம்பித்தார்கள். கொல்கத்தாப் பக்கம் செராம்பூரில் நடத்துகிறார்கள். ஷட்டரிங் தச்சு, கம்பி கட்டுதல், கொத்து, குழாய் எல்லாம் சில மாதங்களில் கற்றுத்தருகிறார்கள். முடித்தவனை எந்த ஊர் சைட்டுக்கும் அனுப்பலாம். வீட்டுச் சாப்பாட்டை விட்டு வரமாட்டேன் என்கிற பிள்ளைக்கு அது ஒத்துவராது.

இது எதுவும் இல்லாத பழைய வழி, மிஸ்திரியிடம் போய்ச் சேருவது. இந்த ஊரில் ராஜமிஸ்திரி, அதாவது கொத்தனார், என்றால் பெரும்பாலும் முர்ஷிதாபாத், மால்டாக்காரர்கள். இப்போது கேரளத்திலும் சென்னையிலும் கட்டடம் கட்டுகிறவர்களும் அவர்கள்தான். சித்தாளை இங்கே ஜோகாரே என்பார்கள். முதல் வருஷம் கலவை சுமப்பான், இரண்டாம் வருஷம் கரண்டியைத் தொடுவான். பள்ளிக்கூடம் எதிலும் இவ்வளவு நன்றாகக் கற்றுத்தருவதில்லை, இவ்வளவு மோசமாகத் திட்டுவதும் இல்லை. கையில் காகிதம் இருக்காது என்பது உண்மை. ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தில் இருக்கிறது. அப்பாவிடமே தொழில் பழகிய பையன்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

டாலிகஞ்ச் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்குள்ள சினிமா ஸ்டுடியோக்களில் செட் போடும் தச்சு வேலைக்குப் பையன்கள் ஆசைப்படுகிறார்கள். நடிகர்களைப் பக்கத்தில் பார்க்கலாம். பிளைவுட்டில் ஒரே ராத்திரியில் ஜமீன்தார் வீட்டை எழுப்பும் அந்தத் தச்சர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஆனால் கேமராவின் கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதும் என்று பழகிய கை, நூறு வருஷம் திறந்து மூட வேண்டிய கதவுக்கு வரும்போது தடுமாறும். முதலில் கதவு செய்யக் கற்றுக்கொள், பிறகு அரண்மனை செய்யலாம்.

இப்போது சேஃப்டிக்கு வருகிறேன்.

'ஃபயர் அண்டு சேஃப்டி டிப்ளமா, ஒரு வருஷம், துபாயில் வேலை' என்று ஆட்டோ முதுகிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் முடிகிறதும் உண்டு. கட்டணம், அரசு ஐ.டி.ஐ.யில் கட்டுவதைப் போலப் பல மடங்கு. ஏன் இவ்வளவு மோகம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சட்டையில் சிமென்ட் படாது. கையில் படிவம், தலையில் வெள்ளை ஹெல்மெட். "என் பையன் சேஃப்டி ஆபீஸர்" என்று கல்யாண வீட்டில் சொல்லலாம். "என் பையன் பிளம்பர்" என்று சொல்ல எந்த அம்மாவுக்கும் வாய் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் வருஷச் சட்டத்தின் மத்திய விதிகள் 1998இல் வந்தன. 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்றன அவை; 2020ஆம் வருஷத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆக்கியது. சரி, வேலை இருக்கிறது. ஆனால் யாருக்கு? 1998 விதிகள் கேட்டது இன்ஜினியரிங் பட்டமும் கட்டட வேலையில் இரண்டு வருஷ மேற்பார்வை அனுபவமும். டிப்ளமா என்றால் ஐந்து வருஷ அனுபவம். அதற்கு மேல்தான் தொழிற்பாதுகாப்பில் தனிப் படிப்பு. பத்தாவது முடித்துவிட்டு ஒரு வருஷம் வகுப்பில் உட்கார்ந்தவன் இந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டான். உண்மையான படிப்பு வேண்டுமென்றால் இங்கே லேக் டவுனிலும், சென்னையில் தரமணியிலும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே முதலில் கேட்பதே, நீ எங்கே எத்தனை வருஷம் வேலை பார்த்தாய் என்பதுதான்.

ஒரு சைட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். நாலாவது மாடிக்கு வெளியே மூங்கில் சாரம். பூச்சு வேலை நடக்கிறது. புதிதாக வந்த சேஃப்டிப் பையன் பளிச்சென்ற பச்சை ஜாக்கெட்டோடு நிற்கிறான். மிஸ்திரியின் இடுப்பில் பெல்ட் இருக்கிறது, கொக்கி தொங்குகிறது. "தாதா, கொக்கியை மாட்டுங்கள்" என்றான் பையன். மிஸ்திரி, தான் நின்றிருந்த சாரத்தின் மூங்கிலிலேயே மாட்டினார். பையன் படிவத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனான். சாரம் சரிந்தால் மூங்கில், பெல்ட், மனிதன் மூன்றும் ஒன்றாகத்தான் கீழே வரும். கொக்கி மாட்ட வேண்டியது மேல்தளத்துத் தூணில் தனியாகக் கட்டித் தொங்கவிட்ட கயிற்றில். அப்படிக் கயிறு கட்டியிருக்கவே இல்லை. வாழ்க்கையில் ஒருநாளாவது சாரம் கட்டிய பையனாக இருந்தால் கயிறு எங்கே என்று முதலில் கேட்டிருப்பான். சாரத்தின் கட்டில் சணல் கயிறு நைந்திருப்பதையும் பார்த்திருப்பான்.

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 மார்ச் 17 இரவு கார்டன் ரீச்சில் அனுமதியில்லாமல் எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகளின்மேல் சரிந்து பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த மாதிரி இடத்தில் ஆபத்தை முன்கூட்டியே பார்க்க, தூணுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தூணின் கம்பி வளையத்துக்கு முனையை 135 டிகிரி உள்ளே மடக்க வேண்டும் என்பது பூகம்பத்துக்கான இந்தியத் தர விதி. 90 டிகிரியோடு விட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆட்டம் கண்டால் வளையம் திறந்துகொள்ளும். கம்பி கட்டியவனுக்கு இது ஒரு பார்வையில் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

வளைகுடாவுக்குப் போனவர்கள்? போகிறார்கள். பலர் அங்கே வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு நிற்கும் ஃபயர் வாட்ச் வேலைக்கோ, சாலையில் கொடி காட்டும் வேலைக்கோ நிறுத்தப்படுகிறார்கள். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு இங்கே அம்மாவின் வளையலை அடகு வைத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர்க் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கட்டட வேலைக்குப் போக நம் ஊர்ப் பையன்கள் ஸ்கில் டெஸ்ட் எழுதுகிறார்கள். டைல்ஸ், குழாய், கம்பி, ஷட்டரிங் என்று ஏதாவது ஒரு தொழிலில் கையால் செய்து காட்ட வேண்டும். காசு கொடுத்து ஆள் எடுக்கிறவன் கையைத்தான் பார்க்கிறான்.

சரி, எந்தத் தொழில் என்று நெருக்கினால், நான் பிளம்பிங் என்பேன். இதில் என் பக்கச்சார்பு உண்டு. சைட்டில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஒடியா பிளம்பர். கொல்கத்தாவின் குழாய் வேலை நெடுங்காலமாக ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்களின் கையில் இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கூலியாகச் சேர்ந்து அவர்கள் கற்ற தொழில், மாமனிடமிருந்து மருமகனுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று போய், இன்றைக்கு டெல்லி, துபாய் வரை பரவியிருக்கிறது. அந்த மாவட்டத்தின் பட்டாமுண்டாயில் பிளம்பிங்குக்கென்றே அரசு ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் பின்னால் வந்தது, தொழில் முன்னால் வந்தது.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அந்த ஒடியா பிளம்பர் குழாய்க்கு அழுத்தச் சோதனை செய்வதைப் பார்க்க வேண்டும். லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, உச்சியில் காற்றை வெளியேற்றி, கை பம்பை அடித்து கேஜ் முள்ளை ஏற்றிவிட்டு பீடி பற்றவைப்பார். முள் ஒரு மயிரிழை இறங்கினாலும் ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே போவார். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் குளியலறையையே உடைக்க வேண்டும் என்பதால் இந்த நிதானம். டாலிகஞ்சிலும் சுற்றுவட்டாரத்திலும் எழும்பும் அடுக்குமாடிகளில் இப்படி ஒரு ஆளுக்கு நாளைக்கும் வேலை இருக்கும். மாநகராட்சியின் பிளம்பர் லைசென்ஸ் எடுத்தால் சொந்தமாகவே தொழில் செய்யலாம். அடுத்த இடம் வயரிங்குக்கு. மாநில லைசென்சிங் போர்டின் பெர்மிட் இல்லாதவன் மின்வேலையைத் தொடக்கூடாது என்பதால் அந்தக் காகிதத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு.

பையனுக்கு எது வரும் என்று எப்படித் தெரியும்? வீட்டிலேயே பார்க்கலாம். ஃபேன் நின்றால் கழற்றிப் பார்க்கிறானா, அலமாரிக் கதவு இடித்தால் கீலைத் திருகுகிறானா, அல்லது கத்திவிட்டு போனுக்குத் திரும்பிவிடுகிறானா? கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது வந்துவிடும். பொறுமைதான் வருகிறதில்லை. மூன்று மாதத்தில் சம்பளம், ஆறு மாதத்தில் பைக் என்று கணக்குப் போடுகிறவனை எந்தத் தொழிலும் வைத்துக்கொள்ளாது. முதல் இரண்டு வருஷம் சம்பாத்தியம் சொற்பம், ஏச்சு தாராளம். பெற்றவர்கள் அந்த இரண்டு வருஷம் "பக்கத்து வீட்டுப் பையன் பார்" என்று சொல்லாமல் இருந்தால் அதுவே பாதிக் கட்டணம் கட்டியதற்குச் சமம்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஜூலை மழையில் தெரிந்த மிஸ்திரி யாரிடமாவது இரண்டு வாரம் அனுப்பிப் பாருங்கள். அடித்தளக் குழியில் தண்ணீர் தேங்கி, பம்பு ஓடி, சேறு முழங்கால் வரை இருக்கும் நேரம். திங்கட்கிழமை காலையில் தானாக எழுந்து கிளம்பினால் ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை நிரப்பலாம். நிரப்பும்போது ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழுக்கு வங்காளத்தின் மாநில இட ஒதுக்கீட்டில் இடம் கிடையாது. அதை நம்பி உட்கார்ந்துவிடாமல் பொதுப் பிரிவிலேயே போடுங்கள், இரண்டாவது மூன்றாவது தொழில் விருப்பத்தையும் காலியாக விடாதீர்கள்.